மூச்சு படும் தூரம்

மணி ஆறு அடிக்கிறது.

எண்ணி முடிக்கிறேன். கடைசி அடியின் அதிர்வு சன்னல் கட்டையில் சற்று நேரம் தங்குகிறது.

சரிவில் எங்கோ ஓர் ஆட்டின் கழுத்துமணி.

இரண்டு நிமிடம் போகிறது. அதே கோபுரம். அதே மணி. மறுபடியும் ஆறு.

முதல் தடவை எண்ணத் தவறியவர்களுக்காக இரண்டாம் தடவை. தெற்குப் பிரான்ஸின் கிராமங்கள் பலவற்றில் இன்னும் விடாமல் இருக்கிற பழைய வழக்கம். குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தவனுக்காக. பாதி எண்ணும்போது குழந்தை அழுதுவிட்டவளுக்காக.

இப்போது வயலில் யாரும் இல்லை. மணிக்கு அது தெரியாது.

இரண்டு ஆறுகளுக்கும் நடுவே அந்த இரண்டு நிமிடம். ஆறு ஆகிவிட்டது. இன்னும் ஆகவில்லை.

*

கொலோன்ஜ் லா ரூஜ்.

சிவப்பு.

சுவர், படி, வளைவு, கோபுரம், சந்தைக் கொட்டகையின் தூண். எல்லாம் ஒரே கல். இரும்பு ஊறிய மணற்கல். இரவு மழை பெய்திருக்கிறது. ஈரத்தில் கல் கறுத்துக் கிடக்கிறது. வெயில் தொடத் தொட ஒவ்வொரு வீடாக நிறம் திரும்புகிறது.

கொட்டகையின் ஓரத்தில் ஊர்ப் பொது அடுப்பு. ரொட்டி சுடுவதற்கு. வாய் திறந்திருக்கிறது. உள்ளே கை நீட்டுகிறேன். குளிர்ச்சி.

தேவாலயத்தின் வாசலுக்கு மேலே மட்டும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல். அதில் விண்ணுக்கு ஏறிப் போகிறார் கிறிஸ்து. கீழே நிற்பவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். நானும் அண்ணாந்து பார்க்கிறேன். கழுத்து வலிக்கிறது. அவர்கள் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளாகப் பார்க்கிறார்கள்.

ஊர் எல்லையில் ஒரு பலகை. பிரான்ஸின் மிக அழகிய கிராமங்களில் ஒன்று. 1982-ல் இந்த ஊர் மேயராக இருந்த ஷார்ல் செய்ராக் தொடங்கிய சங்கம் கொடுக்கும் பட்டம் அது. இரண்டாயிரம் பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். இன்று நூற்றெண்பது ஊர்கள் போல.

அழகு என்று எழுதிவைத்த பிறகு கண்ணுக்கு வேலை குறைகிறது. கொஞ்சம் கூச்சமும் வருகிறது, ஒப்பனை முடியும் முன் பார்த்துவிட்டது போல.

தெருவில் பாதி வீடுகளின் மரக்கதவுகள் சாத்தியிருக்கின்றன. ஆகஸ்டில் திறப்பவை.

ஒரு வீட்டில் மட்டும் காப்பி மணம்.

*

கோஸ்.

சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்துக்கு இங்கே அதுதான் பெயர். மழை பெய்தால் நிற்பதில்லை. கல்லின் வெடிப்பில் இறங்கிவிடுகிறது. மேலே வறட்சி. அடியில் எங்கோ ஆறுகள் இருட்டில் ஓடுகின்றன.

குள்ளமான ஓக் மரங்கள். பாசி. மறுபடியும் கல்.

வயலில் பொறுக்கிய கல்லைச் சுவராக்கியிருக்கிறார்கள். சாந்து இல்லை. கல்லைக் கல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கைவேலையை 2018-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். எட்டு நாடுகளின் பெயரில். சேர்க்கும்போது கட்டுகிறவர்கள் குறைந்திருந்தார்கள்.

சுவர் காட்டுக்குள் நுழைகிறது. காட்டுக்குள் எதற்குச் சுவர்? நின்று பார்த்தால் புரிகிறது. காடு பிறகு வந்தது. இது ஒரு காலத்தில் திராட்சைத் தோட்டம்.

அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பூச்சி. பில்லாக்செரா. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு. கொடியின் வேரில் உட்கார்ந்து உறிஞ்சும். 1870-களுக்குப் பிறகு இந்தப் பக்கத்துத் தோட்டங்கள் சாய்ந்தன. லொத் மாவட்டத்தில் 1851-ல் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இருந்தார்கள். இன்று இரண்டு லட்சமும் இல்லை.

போனவர்கள் சுவரைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

*

சுவரோடு ஒட்டி ஒரு கற்குடிசை. உள்ளூரில் கசெல் என்கிறார்கள். இன்னொரு பக்கம் கரியோத். இடையன் மழைக்கு ஒதுங்கியது.

குனிந்து நுழைகிறேன்.

வட்டம். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைவிட ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, மேலே போகப்போக வட்டம் சுருங்கி, கடைசியில் ஒரே கல் மூடுகிறது. கட்டைகூட இல்லை, ஆணி இல்லை.

ஓரமாக உட்காரக் கல். உட்காருகிறேன். முதுகுக்குச் சரியாக ஒரு குழிவு. இன்னொரு முதுகு தேய்த்தது.

வாசல் அளவுக்கு வெளிச்சம் தரையில் கிடக்கிறது. மெல்ல நகர்கிறது. என் செருப்பு முனையைத் தொடுகிறது.

வெளியே ஆடுகள் வருகின்றன. வெள்ளை உடம்பு. கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு வட்டம், மூக்குக் கண்ணாடி போட்டது போல. ஒன்று நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறது.

மேய்ப்பவர் இல்லை. மின்வேலி.

*

ரொக்கமதூர்.

பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். கீழே தெரு, நடுவில் கோயில்கள், உச்சியில் கோட்டை. இறங்கினால் ஏற வேண்டும்.

216 படி. முழங்காலால் ஏறியவர்கள் உண்டு. படிகளின் நடு தேய்ந்து பள்ளமாக இருக்கிறது. மழைத் தண்ணீர் அதில் நின்றிருக்கிறது. வானம் அதில் துண்டு துண்டாக.

என் முழங்கால் நின்றபடி ஏறுவதற்கே முனகுகிறது.

சிறிய கோயிலில் கறுத்த மாதா. அக்ரூட் மரத்தில் செதுக்கியது. மெழுகுவத்திப் புகை. தலைக்கு மேலே பழைய இரும்பு மணி ஒன்று. கடலில் தவித்த மாலுமிகள் இவளைக் கூப்பிட்டபோது அது யாரும் தொடாமல் தானாக அடித்தது என்பது கதை. சுவரோரம் சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்குகின்றன. பிழைத்தவர்கள் கொடுத்தவை.

கடல் எங்கேயோ இருக்கிறது. இருநூறு கிலோமீட்டர் இருக்கும்.

மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அசைவதில்லை. யாரோ தும்முகிறார்கள்.

வெளியே, பாறையில் உயரத்தில் ஒரு வெடிப்பு. அங்கே துருப்பிடித்த வாள் ஒன்று செருகி, சங்கிலியால் கட்டியிருந்தது. பழங்கதை வீரன் ரோலானின் வாள் துராந்தால் என்று சொல்லிக்கொண்டார்கள். 2024 ஜூனில் ஒரு நாள் காணவில்லை. தரையிலிருந்து பத்து மீட்டர் உயரம். எப்படி என்று தெரியவில்லை.

வருகிறவர்கள் இப்போது வெடிப்பைப் படம் எடுக்கிறார்கள்.

நானும் பார்க்கிறேன். இல்லாத வாள். இருந்தபோது இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டேன்.

*

பெயர் குறித்துக்கொள்ளாத ஒரு கிராமம். பேருந்து இறக்கிவிட்ட இடம்.

பேக்கரி மூடியிருக்கிறது. இன்று மட்டும் அல்ல, கண்ணாடியில் தூசி. பக்கத்தில் ரொட்டி எந்திரம். காசு போடுகிறேன். உள்ளே ஏதோ உருள்கிறது. ஒரு பகெத் வருகிறது. எங்கிருந்தோ காலையில் வண்டியில் வந்தது.

பகெத் சுடும் கலையும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 2022.

துணி துவைக்கும் துறை. கூரை, நான்கு தூண், சாய்த்துப் பதித்த கற்கள், ஓடும் தண்ணீர். கல்லின் விளிம்பு வழவழப்பு. எத்தனை பேர் முட்டிபோட்டு, எத்தனை ஊர்க்கதை. இப்போது தண்ணீர் மட்டும் பேசுகிறது. ஒரு சருகு சுற்றிச் சுற்றி வருகிறது. வெளியேறும் வழி இருக்கிறது. அது சுற்றுகிறது.

ரொட்டியைப் பிய்க்கிறேன். ஓடு நொறுங்கும் சத்தம் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்கிறது.

*

நகராட்சி அலுவலகம் என்று சொல்ல முடியாது. ஒரே அறை. மேரி என்கிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் திறக்கும்.

அதன் எதிரே கல்தூண். 1914–1918.

ஏறத்தாழ எல்லா ஊரிலும் இருக்கிறது. தேவாலயம் பூட்டியிருக்கும் ஊரிலும், கடை இல்லாத ஊரிலும். அந்தப் போரில் பிரான்ஸ் இழந்தவர்கள் பதிமூன்று, பதினான்கு லட்சம். பெயர்கள் அகரவரிசையில். ஒரே குடும்பப் பெயர் மூன்று தடவை வருகிறது. அண்ணன் தம்பியா, சித்தப்பன் மகனா. தூண் சொல்வதில்லை.

எண்ணுகிறேன். தெருவில் இருக்கும் வீடுகளையும் எண்ணுகிறேன். பெயர்கள் அதிகம்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலும் இதே போருக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. நடுவே வீரன் தலை குனிந்து நிற்பான். பின்னால் கடல் இரையும். அங்கே சுண்டல் தின்றுகொண்டே பார்த்த ஒரு மாலை நினைவுக்கு வருகிறது.

வந்து, போகிறது.

பெயர்களின் பள்ளத்தில் பொன் பூச்சு இருந்த தடம். விரல் வைத்தால் எழுத்து தெரிகிறது. கண் மூடியும் படிக்கலாம்.

*

லொத் ஆறு. பச்சை. ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத பச்சை.

செங்குத்துப் பாறையின் அடியில், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, பாறையைக் குடைந்து ஒரு பாதை. 19-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. படகை எதிரோட்டத்தில் இழுக்க. கரையில் குதிரை, ஆற்றில் படகு, நடுவே கயிறு.

தலைக்கு மேலே பாறை கவிந்திருக்கிறது. உளித் தடங்கள் வரிவரியாக. தண்ணீரின் ஒளி அதில் நெளிகிறது.

ரயில் வந்தது. படகு நின்றது. பிறகு ரயிலும் நின்றது. தண்டவாளத்தின் மேல் முள்செடி.

பாதையில் நடக்கிறேன். இழுக்க எதுவும் இல்லை. தோள் லேசாக இருக்கிறது. தோள் என்று ஒன்று இருப்பது இப்போதுதான் தெரிகிறது.

*

பாதை ஏறி முடியும் இடத்தில் சென் சீர்க் லப்போப்பி. ஆற்றுக்கு மேலே நூறு மீட்டர் உயரத்தில், விளிம்பில்.

மரம் கடைபவர்களின் ஊராக இருந்தது. பீப்பாய்களுக்கு மரக்குழாய்த் திருகு செய்தவர்கள். திராட்சை போனது, பீப்பாய் போனது, திருகும் போனது. தெருவை நோக்கித் திறக்கும் அகலமான கல்வளைவுகள் மிச்சம். அவை பட்டறை வாசல்கள். இன்று அங்கே சோப்பு விற்கிறார்கள். லாவெண்டர் மணக்கிறது.

கவிஞர் அந்திரே பிரெத்தோன் 1950-ல் வந்தார். பிறகு வீடு வாங்கினார். 1966-ல் இறக்கும்வரை கோடைகள் இங்கேதான்.

அவர் சன்னலைப் பார்க்கிறேன். அவர் பார்த்ததை அல்ல.

*

காப்ரரே. பெஷ் மெர்ல் குகை.

1922-ல் பதின்ம வயதுப் பையன்கள் இருவர் ஒரு பொந்துக்குள் ஊர்ந்து போனார்கள். ஊர்ப் பாதிரியார் லெமோசி குகை குகையாகத் தேடிக்கொண்டிருந்தவர். அவரைப் பார்த்துத் தொற்றிய பித்து. ஊர்ந்து, ஊர்ந்து, ஒரு கட்டத்தில் விளக்கைத் தூக்கிப் பிடித்தார்கள்.

அங்கே குதிரைகள் நின்றன.

*

கதவு சாத்திக்கொள்கிறது.

பன்னிரண்டு டிகிரி. கோடையிலும் குளிரிலும் அதே. வியர்வை கழுத்தில் ஆறுகிறது.

ஒரு நாளில் எழுநூறு பேர்தான். எண்ணி உள்ளே விடுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு கைக்குழந்தை. அது தூங்குகிறது.

வழிகாட்டும் பெண் குரலைத் தாழ்த்துகிறார். தொடக் கூடாது. பை முதுகில் இருக்கக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. மூச்சு விடலாம் என்று அவர் சொல்வதில்லை. ஆனால் எல்லோரும் கொஞ்சம் கம்மியாக விடுகிறோம்.

*

இரண்டு குதிரைகள். முதுகுக்கு முதுகு, பின்பாகம் ஒன்றன் மேல் ஒன்று படிந்து. உடம்பெங்கும் கறும்புள்ளி. வலப்பக்கத்துக் குதிரையின் தலை நோக்கிப் பாறையே குதிரை முகமாக வளைந்திருக்கிறது. வரைந்தவர் அதை முதலில் பார்த்திருக்க வேண்டும். தலை ஏற்கெனவே இருந்தது. உடம்பைச் சேர்த்தார்.

ஏறத்தாழ 29,000 ஆண்டு.

எண் பெரியது. மனம் அதைப் பிடித்துப் பார்க்கிறது. வழுக்குகிறது.

புள்ளிகள் உடம்போடு நிற்கவில்லை. வெளியே காற்றிலும் இருக்கின்றன. பனியா. இலைநிழலா. எண்ணிக்கையா. வெறும் புள்ளியா.

*

குதிரைகளைச் சுற்றிக் கைகள்.

பாறையில் உள்ளங்கையை வைத்து, கரியை வாயில் மென்று, எச்சிலோடு ஊதியிருக்கிறார்கள். கையை எடுத்ததும் கை இருந்த இடம் மட்டும் வெறுமையாக நின்றது. சுற்றிலும் கறுப்புத் தூறல்.

மிஷேல் லோர்பிளான்ஷே என்ற ஆய்வாளர் இதே குதிரைகளை இதே மாதிரி வாயால் ஊதி வேறொரு பாறையில் செய்து பார்த்திருக்கிறார். தூரிகை இல்லை. மூச்சுதான் தூரிகை.

கையைப் பார்க்கிறேன். அது கை அல்ல. கையைச் சுற்றி நின்ற மூச்சு.

என் கை சட்டைப் பையில் இருக்கிறது. விரல்கள் தாமாக விரிகின்றன.

*

இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் லாஸ்கோ. 1940-ல் கண்டுபிடித்து, 1948-ல் திறந்து, 1963-ல் மூடினார்கள். நாளுக்கு 1,200 பேர்வரை போனார்கள். அவர்கள் விட்ட மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் சுவரில் படிந்தன. பச்சைப் பாசி வந்தது. வெள்ளைப் படலம் வந்தது. காளைகள் இப்போது இருட்டில், தனியாக. மேலே நாம் பார்ப்பது நகல்.

மூச்சால் வரைந்தது. மூச்சால் அழிவது.

இரண்டையும் பக்கத்தில் வைக்கிறேன். எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

*

1952-ல் இந்தக் குகைக்கு பிரெத்தோனும் வந்திருக்கிறார். கோடு உண்மையில் பழையதா என்று சந்தேகம். கட்டைவிரலால் ஒரு மாமூத் யானையின் துதிக்கையைத் தேய்த்துப் பார்த்தார். சாயம் விரலில் ஒட்டியது. வழக்கு, நீதிமன்றம், அபராதம்.

அதைக் கேட்டதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு. எனக்கும் வருகிறது.

தொடாமல் நம்புவது எளிது அல்ல. அவர் விரலைப் புரிந்துகொள்ள முடிகிறது. முடிகிறது என்பதே சற்று அச்சமாக இருக்கிறது.

*

இன்னும் உள்ளே, தரையில், களிமண் கல்லாகிப் போன இடத்தில் காலடித் தடங்கள். வளரும் பருவத்துப் பிள்ளையினுடையவை என்கிறார்கள். குதிகால். விரல்கள். ஒரு பள்ளத்தைத் தவிர்க்கச் சற்று விலகியது போல ஒன்று.

எங்கே போய்க்கொண்டிருந்தது?

அந்தக் கால் திரும்பவில்லை என்று தோன்றுகிறது. திரும்பியிருக்கும். தடம்தான் ஒரு பக்கமாக இருக்கிறது.

கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது. அழவில்லை. இருட்டை அகலப் பார்க்கிறது.

*

வெளியேறும் முன் மேற்கூரையைப் பிளந்துகொண்டு ஒரு வேர் இறங்குகிறது. ஓக் மரத்தினுடையது. மேலே மேட்டில், வெயிலில் நிற்கும் ஏதோ ஒரு மரம். தண்ணீர் தேடி இவ்வளவு தூரம், பாறை வழியாக, குகையின் வெற்றிடத்தைக் கடந்து, மறுபடி தரைக்குள்.

மரத்துக்குக் குகை இருப்பது தெரியாது.

கதவு திறக்கிறது. வெளிச்சம் முகத்தில் அறைகிறது. எல்லோரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விடுகிறோம்.

*

செலே ஆற்றோரம் மர்சியாக். பழைய மடம். போர்கள் எரித்தது போகப் பாதி. கோயிலின் ஒரு பகுதிக்குக் கூரை இல்லை.

தூண்கள் எதையும் தாங்காமல் நிற்கின்றன.

தகைவிலான்குருவிகள் வளைவுக்குள் நுழைந்து வளைவு வழியாகப் போகின்றன. வளைவு வேண்டியதில்லை. பக்கத்தில் வெட்டவெளி.

புல்லில் படுக்கிறேன். மேகம் ஒன்று தூணிலிருந்து தூணுக்குப் போகிறது.

இன்று வேறு எதுவும் எழுதவில்லை.

*

கோங்க்.

பெயருக்குச் சிப்பி என்று பொருள். மலைமடிப்பில் ஊர் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. கூரைக்குச் சாம்பல்நிறப் பலகைக்கல், மீன்செதில் மாதிரி அடுக்கி. மழைக்கு அது மின்னும்.

மழை பெய்கிறது.

ல புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ வரை போகும் பழைய யாத்திரைப் பாதை இந்த ஊருக்குள் இறங்குகிறது. இறக்கம் செங்குத்து. நடந்து வந்தவர்கள் முதுகுப்பையோடு வாசற்படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றுகிறார்கள். சாக்ஸிலிருந்து ஆவி. பையில் ஒரு சிப்பி கட்டியிருக்கிறது, நடக்கும்போது எதிலாவது பட்டு டொக் டொக்கென்று சத்தம் போடும். இப்போது சத்தமில்லை.

ஒரு பெண் தன் பாதத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி வைத்திருக்கிறாள். வலியா, நன்றியா. கேட்பதற்கில்லை.

*

மடத்துக் கோயிலின் வாசலுக்கு மேலே இறுதித் தீர்ப்பு. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். 124 உருவங்கள். மடிப்புகளில் நீலமும் சிவப்பும் இன்னும் ஒட்டியிருக்கின்றன.

வலப்பக்கம் நரகம், கூட்டம் அதிகம். பணப்பையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட கஞ்சன். முயல்முகப் பேய் ஒன்று வேட்டைக்காரனைக் கம்பியில் கோத்து வாட்டுகிறது. நடுவே தராசு. தன் பக்கம் தாழட்டும் என்று ஒரு பேய் தட்டை விரலால் அழுத்துகிறது.

பிரெத்தோனின் கட்டைவிரல் நினைவுக்கு வருகிறது.

இடப்பக்கம் சொர்க்கம், எல்லோரும் நேராக நிற்கிறார்கள். கண் அங்கே தங்க மறுக்கிறது.

வளைவின் விளிம்பில் சில சின்ன முகங்கள். கல்லைத் திரை மாதிரி இரு கையாலும் பிடித்து, மூக்கு வரை மட்டும் தூக்கி, எட்டிப் பார்க்கின்றன. கழுத்தும் உடம்பும் கல்லுக்குப் பின்னால். ஊரார் அவர்களை எட்டிப்பார்ப்பவர்கள் என்றே சொல்கிறார்கள். தீர்ப்பில் அவர்களுக்குப் பங்கில்லை. எந்தப் பக்கமும் இல்லை. பார்க்கிறார்கள்.

மழை கழுத்துக்குள் இறங்குகிறது. நகரவில்லை.

*

ஃபுவா என்ற சிறுமி. பன்னிரண்டு வயது. அஜான் நகரில் 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொல்லப்பட்டாள். பெயருக்கு விசுவாசம் என்று பொருள்.

அவள் எலும்புகள் அஜானில் இருந்தன. 9-ஆம் நூற்றாண்டில் இந்த மடத்துத் துறவி ஒருவர் அங்கே போய்ச் சேர்ந்து, பத்து ஆண்டு நல்லவராக இருந்து, நம்பிக்கை பெற்று, ஒரு நாள் இரவு எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்பது மரபு. திருட்டு என்று சொல்வதில்லை. ரகசிய இடமாற்றம்.

பத்து ஆண்டு. அந்தப் பத்து ஆண்டும் அவர் செபித்திருப்பார். அவை எந்தத் தட்டில்?

புரட்சிக் காலத்தில் கோயில் பொக்கிஷத்தைக் கேட்டு ஆட்கள் வந்தபோது, ஊரார் ஆளுக்கொன்றாக வீட்டில் ஒளித்துவைத்தார்கள் என்கிறார்கள். அடங்கியதும் எல்லாம் திரும்பி வந்தது.

*

பொக்கிஷ அறை. அரையிருட்டு.

கண்ணாடிக்குள் அவள் உட்கார்ந்திருக்கிறாள். மர உடம்புக்கு மேல் தங்கத் தகடு. உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. தலை உடம்புக்குப் பெரியது, சிறுமியினுடையது அல்ல. பழைய ரோமானிய முகம் ஒன்றைத் தூக்கிப் பொருத்தியது. உடை முழுதும் கல்லும் மணியும், நூற்றாண்டு நூற்றாண்டாக வந்தவர்கள் பதித்துவிட்டுப் போனவை.

கண் எங்கும் பார்ப்பதில்லை. எதையும் விடுவதில்லை.

நெருங்குகிறேன். கண்ணாடியில் என் மூச்சு படிகிறது. அவள் முகம் மங்குகிறது. காத்திருக்கிறேன். ஓரத்திலிருந்து மெல்ல மெல்லத் துலங்குகிறது. முதலில் காதணி, பிறகு கன்னம், கடைசியில் கண்.

மறுபடி மூச்சு விட வேண்டியிருக்கிறது.

*

1837-ல் புரோஸ்பர் மெரிமே வந்தார். எழுத்தாளர். வரலாற்றுச் சின்னங்களின் தலைமை ஆய்வாளர். கோயில் இடிந்துகொண்டிருந்தது. அவர் எழுதிய அறிக்கைதான் காப்பாற்றியது. மடத்தின் உள்முற்றம் அதற்குள் பெரும்பாலும் போய்விட்டது, கல்லை ஊரார் வீடு கட்ட எடுத்துக்கொண்டார்கள்.

எந்த வீடு என்று சுவரைப் பார்த்துக்கொண்டே நடக்கிறேன். ஒரு மாட்டுக்கொட்டில் வாசலில் பூவேலை செய்த கல்.

*

கோயிலுக்குள்.

குறுகல். உயரம். 22 மீட்டர். கூரை ஓரிடத்தில் இருக்கிறது என்பதைக் கழுத்து நம்ப நேரமாகிறது.

சன்னல்களில் படம் இல்லை. நிறம் இல்லை. புனிதர் இல்லை.

பியேர் சூலாஜ் பக்கத்து ரொதேயில் பிறந்தவர். 1919. பையனாக இந்தக் கோயிலுக்கு வந்து நின்றபோதுதான் வாழ்க்கை முழுதும் ஓவியம் என்று தீர்மானித்ததாகச் சொல்லியிருக்கிறார். பிறகு ஆயுளெல்லாம் கறுப்பு வரைந்தார். 1987-ல் இந்தச் சன்னல்களைக் கேட்டார்கள். 104 திறப்புகள். 1994-ல் முடிந்தது. நடுவே நூற்றுக்கணக்கான கண்ணாடிச் சோதனைகள்.

அவர் தேடியது வெளிச்சத்தை விடும், பார்வையை விடாத ஒரு கண்ணாடி. வெளியே மரம் தெரியக் கூடாது. வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டி வராமல், கண்ணாடியிலேயே பிறக்க வேண்டும்.

ஈயக் கோடுகள் சற்றே வளைந்து, சாய்ந்து போகின்றன. யாரோ மூச்சை ஒரே இழுப்பாக விட்டது போல.

*

தூணில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

பிற்பகல் மூன்று. வடக்குச் சன்னல் நீலம். தெற்குச் சன்னல் மஞ்சள் கலந்த வெள்ளை. இரண்டும் ஒரே நிறமற்ற கண்ணாடி.

நான்கு. மேகம் விலகுகிறது. தரையில் ஒரு பழுப்புப் பட்டை. மேகம் மூடுகிறது. பட்டை இல்லை. போனதைப் பார்க்கவில்லை, இல்லாததைத்தான் பார்த்தேன்.

நான்கே முக்கால். நீலம் சாம்பலாகிறது. எந்த நொடியில் என்று பிடிக்க முயல்கிறேன். முயலும்போது நடக்கிறது. எப்போது என்று தெரியவில்லை.

ஒரு கிழவி வருகிறாள். வாளி, துடைப்பம். என் காலடியில் நின்று சிரிக்கிறாள். காலைத் தூக்குகிறேன். துடைத்துவிட்டுப் போகிறாள். ஈரக் கல்லில் சன்னல்.

*

இரவு ஒன்பது. 1873 முதல் இந்தக் கோயிலில் இருக்கும் பிரெமோந்திரே சபைத் துறவிகளில் ஒருவர் ஆர்கன் வாசிக்கிறார். வெள்ளை அங்கி. நடந்து வந்தவர்கள் தூண்மாடத்தில் வெறுங்காலோடு சுற்றுகிறார்கள்.

ஆர்கன் தொடங்கும் முன் ஒரு சத்தம். இசை அல்ல. குழாய்களுக்குள் காற்று நிறையும் சத்தம். பெரிய உடம்பு ஒன்று மூச்சு இழுப்பது போல.

அது கேட்டதும் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள்.

பிறகு இசை. இசை நன்றாக இருக்கிறது. ஆனால் மனம் அந்த முதல் இழுப்பிலேயே நின்றுவிட்டது.

விளக்குகள் உள்ளே எரிவதால் வெளியே போய்ப் பார்க்கிறேன். சன்னல்கள் இப்போது தெருவைப் பார்த்து ஒளிர்கின்றன. பகலில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கின்றனவா. இல்லை. விளக்கு போட்டிருக்கிறார்கள்.

*

காலை.

பனிமூட்டம் பள்ளத்தாக்கை நிரப்பியிருக்கிறது. தூர்து ஆறு கேட்கிறது, தெரியவில்லை. கடை இன்னும் திறக்கவில்லை. விடுதிக்காரர் வெளி மேசையைத் துடைத்து ஒரு காப்பி வைக்கிறார். விலை கேட்காமல் வைத்ததால் விலை கேட்கவில்லை.

நேற்றைய பெண், காலை ஏந்தியிருந்தவள், பையை மாட்டிக்கொண்டு பாலத்தின் பக்கம் இறங்குகிறாள். இரண்டு வளைவுக்குப் பிறகு மூட்டத்துக்குள் போய்விடுகிறாள். கொஞ்ச நேரம் சிப்பியின் சத்தம். டொக். டொக்.

ஆற்றுக்கு அப்பால், எதிர்ச்சரிவில், மரங்களுக்கு நடுவே அதே சிறுமியின் பெயரில் ஒரு சின்னக் கோயில். ஏறிப் போகிறவர்கள் அங்கே மணியை அடித்துவிட்டுப் போவது உண்டு.

காப்பி ஆறுகிறது.

முக்கால் மணி நேரம் இருக்கும்.

எதிரே, வெள்ளைக்குள்ளிருந்து, ஓர் அடி.

காத்திருக்கிறேன்.